பெட்டிக்குள் போன குரல்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் குரல்வளை உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு ஷிப்டில் பேசுவதை, குரல்வளையே இல்லாத ஒரு மனிதர் டீ இடைவேளைக்குள் பேசி முடித்துவிடுவார். மிகை என்று நினைப்பவர்கள் பாகலூர் ரோட்டில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அவருக்குப் பெயர் ரேடியோ. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது, ஆனால் அது ரேஷன் கடைக்காரரோடு சரி. நாங்கள் வேலை பார்த்த கியர் தொழிற்சாலையில் அவர் அசெம்பிளி லைன் சூப்பர்வைசர். நான் மத்தூரிலிருந்து வந்து அவருக்குக் கீழே மாட்டிக்கொண்ட ஆபரேட்டர். அவர் பேச்சைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் வளர்த்து, கன்னடத்தில் முடிப்பார். நடுவில் நிறுத்த பட்டன் கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

பீடி அவர் குரல்வளையில் கை வைத்தது. பெங்களூர் டாக்டர்கள் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. இனிமேல் பேச்சே வராது என்று கேள்விப்பட்டு எங்கள் லைனே அழுதது. ஒன்றிரண்டு பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதம் மனிதர் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியோடு வந்து நின்றார். அது பேட்டரியில் ஓடுவது. பட்டனை அமுக்கித் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாயை அசைத்தால், அதன் அதிர்வு வாய்க்குள் புகுந்து பேச்சாக வெளியே வரும். லைனுக்குள் வந்த முதல் பேச்சு இதுதான்.

"எவன்டா என் ஸ்டூல எடுத்தது?"

அந்தக் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. மாவு அரைக்கும் கிரைண்டருக்கு வாய் முளைத்த மாதிரி ஒரே சீராக வரும். வாழ்த்தினாலும் அதே சுருதி, வைதாலும் அதே சுருதி. எதிரே இருப்பவன் குழம்பிப் போவான். இதற்கு ரேடியோ தானே ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் உணர்ச்சியை அறிவிப்பார், அப்புறம் விஷயத்துக்கு வருவார்.

கேன்டீன்காரரிடம் போய் நிற்பார். "இது கேலி. இன்னிக்கு சாம்பாரு ரொம்ப நல்லா இருக்குது."

மேனேஜரிடம், "இது மரியாத. நீங்க சொல்றது தப்பு சார்."

அவரிடம் யாரும் 'பாவம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒருமுறை கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஒரு அம்மாள் கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். ரேடியோ கருவியை எடுத்தார். "இது கோவம். எனக்குப் போனது குரலும்மா, காலு இல்ல. நீங்க உக்காருங்க." சொல்லிவிட்டு ஓசூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். வழியில் காலியான பக்கத்து சீட்டிலும் உட்காரவில்லை. கூட வந்த பாவத்துக்கு என்னையும் உட்கார விடவில்லை.

கஸ்டமர் கேருக்கு அவர் போன் போடுவதைப் பார்க்க டீக்கடையில் கூட்டம் கூடும். அந்தப் பக்கம் ஒரு மெஷின் குரல், 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று சொல்லும். இவர் பொறுமையாக அழுத்திக்கொண்டே போவார். கடைசியில் நிஜமான ஒரு பெண் பேச வருவாள். இவர் வாயைத் திறந்ததும், ஏதோ விளம்பர ரெக்கார்டிங் என்று நினைத்து டக்கென்று வைத்துவிடுவாள். "பாத்தியாடா அநியாயத்த?" என்பார் என்னிடம். "மெசினு பேசினா நான் கேக்கணுமாம். நான் பேசினா மெசினாம்." மறுபடி முதலிலிருந்து அழுத்துவார். நாள் பூராவும் அழுத்துவார். கடைசியில் அவர்கள்தான் தோற்பார்கள்.

எங்கள் தொழிற்சாலை கேட்டில் பேட்டரி உள்ள எந்தச் சாமானும் உள்ளே போகக் கூடாது. செல்போன், பவர் பேங்க், ப்ளூடூத் எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மறந்து போய்ப் பாக்கெட்டில் ஒரு பென்டிரைவ் இருந்துவிட்டால்கூட மெமோ வரும். ரேடியோ ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கே கேட்டில் தகராறு ஆகிவிட்டது.

"இது எலக்ட்ரானிக் ஐட்டம். பெட்டியில போட்டுட்டுப் போங்க" என்றார் செக்யூரிட்டி.

"போட்டுட்டு உள்ள போயி நான் என்னா ஊமப் படமா காட்டறது?"

ஷிப்ட் சங்கு ஊதியும் ரேடியோ நகரவில்லை. கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அவர் பின்னால் நாங்கள் எண்பது பேர். ஹெச்.ஆர். அதிகாரி ஓடி வந்தார். அரை மணி நேரம் வாதம் நடந்தது, ரேடியோவே அதில் முக்கால்வாசி பேசினார். முடிவில் பொருட்களை உள்ளே கொண்டுபோய்த் திருப்பி எடுத்து வருவதற்கான கேட் பாஸ் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அதில் இரண்டு பேட்டரியின் நம்பர், வோல்ட், வாட்-ஹவர் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. பொருளின் பெயர் என்ற இடத்தில்தான் ஸ்டோர்ஸ் கிளார்க் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழித்தார். ரேடியோ சொல்லச் சொல்ல எழுதினார்.

'குரல். எண்ணிக்கை: ஒன்று. திருப்பி எடுத்துச் செல்ல வேண்டியது.'

அதை பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் கேட்டில் கருவியை ஆட்டிக் காட்டுவார். "பாத்துக்கப்பா, உள்ளயே வுட்டுட்டு வரல."

ஆயுத பூஜைக்கு நாங்கள் ஸ்பேனருக்கும் டார்க் ரென்ச்சுக்கும் பொட்டு வைத்தால், அவர் தன் குரலுக்குத்தான் முதலில் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். உள்ளே போடும் பேட்டரிக்கும் மாற்று பேட்டரிக்கும் உண்டு. வருஷம் பூராவும் அதைத் துடைக்க மாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய ஒரே மகள் மலர் புனேயில் வேலை பார்த்தாள். அங்கேயே குடியேறிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தாத்தாவால் பயணம் செய்ய முடியாது என்பதால் நிச்சயதார்த்தத்தை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணின் தகப்பன் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று. அந்த ஒரு வரிக்காக ரேடியோ ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார். லைனில் கியர் பெட்டிகளுக்குச் சம்மதம் சொல்லிக்கொண்டே போவார்.

குறுக்கே வந்தார் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். சிங்காரப்பேட்டையில் உரக்கடை வைத்திருப்பவர். ஊர்க் கூட்டம் என்றால் மைக்கை அவரிடமிருந்து பிடுங்குவதற்கே இரண்டு ஆள் வேண்டும். ஓசூருக்கே நேரில் வந்து சொன்னார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. சுப காரியத்துல கிர்ர்ருனு மெசினு சத்தம் வேணாமே. வர்றவங்க பயந்துக்குவாங்க. உங்களுக்குப் பதிலா நானே சொல்லிடறேன்."

ரேடியோ கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தார். "இது கோவம் இல்ல மச்சான். முடிவு. பெத்தது நானு, சொல்றதும் நானு."

மச்சான் சிரித்துக்கொண்டே போனார். அவர் மனதுக்குள் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்திருந்ததால் ரேடியோவுக்குக் கடைசி நாள் வரை லீவு கிடைக்கவில்லை. மனைவி, மச்சான் எல்லோரும் முன்கூட்டியே ரயிலில் போய்விட்டார்கள். ரேடியோவுக்கு மலர் விமான டிக்கெட் எடுத்தாள், துணைக்கு எனக்கும். இரண்டு பேருமே விமானம் ஏறியதில்லை. ஆனால் நான் ஒருமுறை பெங்களூர் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போய் ஒருவரை இறக்கிவிட்டு வந்தவன். அதனால் நிபுணர் நான்தான்.

ஏர்போர்ட் வாசலில் துப்பாக்கியோடு காவலரைப் பார்த்ததும் எனக்குள் இருந்த சிப்காட் ஆள் விழித்துக்கொண்டான்.

"அண்ணே, கேட்டு வந்துருச்சு. பேட்டரி சாமானெல்லாம் பெட்டியில போட்டுருவோம்."

"என் குரலுக்குத்தான் பாஸ் இருக்குதேடா."

"அது நம்ம கம்பெனி பாஸுண்ணே, இங்க செல்லாது. பிடிச்சாங்கன்னா பிடுங்கிடுவாங்க. புனே போயி எடுத்துக்கலாம். ரெண்டு மணி நேரம் பேசாம இருந்தா உசுரா போயிடும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ வருஷம் கேட்டில் நின்று பழகிய உடம்பு அவருக்கும்தானே? இரண்டு செல்போன், ஒரு பவர் பேங்க், சார்ஜர், சந்தனம் பூசிய மாற்று பேட்டரி, கடைசியாக மஞ்சள் துணியில் சுற்றிய அவருடைய குரல், எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் அடுக்கினேன். மேலே சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய கிருஷ்ணகிரி மாம்பழங்கள். அழுத்தி மூடிப் பூட்டினேன்.

கவுன்டரில் இருந்த பெண் பேட்டரி, பட்டாசு என்று படம் போட்ட ஒரு அட்டையைக் காட்டி, பெட்டியில் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சீருடை போட்டவர் 'எதாவது இருக்கா' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் வாயில் வரும் பதில் ஒன்றுதான்.

"ஒண்ணும் இல்லைங்க மேடம்."

பெட்டி பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது. நாங்கள் சோதனை முடித்து உள்ளே போய் ஜம்மென்று உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில் யாரோ ஒருவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ரேடியோ தலையில் தட்டிக்கொண்டு, எந்த மடையனோ கூப்பிட்டும் போகாமல் இருக்கிறான் என்று சைகையில் சொன்னார். நானும் ஆமாம் என்று சிரித்தேன். பிறகுதான் கையிலிருந்த போர்டிங் பாஸைப் பார்த்தேன். கூப்பிட்டது ரேடியோவின் ரேஷன் கார்டு பெயர்.

எங்களை ஒரு அறைக்கு அழைத்துப் போனார்கள். நடுவில் ஒரு மேஜை. மேஜை மேல் எங்கள் பெட்டி. பெட்டி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

கிர்ர்ர்ர்ர்ர்.

மாம்பழம் உருண்டு பட்டனை அமுக்கியிருக்கிறது. அதிகாரிகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர்களில் ஒரு அம்மாள், கோலார் பக்கம் போல, கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். "ஏன்ரீ இது? உள்ள என்ன இருக்கு?"

ரேடியோ வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. பெட்டியைக் காட்டினார். பிறகு தன் கழுத்தைக் காட்டுவதற்காகத் தொண்டைக்குக் குறுக்கே விரலை ஒரு இழு இழுத்தார்.

ஐயோ! அந்தச் சைகையைப் பார்த்ததும் அறையில் இருந்தவர்கள் இன்னும் இரண்டு அடி பின்னால் போனார்கள். ரேடியோவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுபடி பெட்டி, மறுபடி கழுத்து, மறுபடி இழு. குரல் இருந்த ஒரே ஆள் நான். அதுவும் அந்த அம்மாள் அதட்டிய பிறகுதான் வந்தது.

"மேடம், அது... அது அண்ணனோட குரலு மேடம்."

"யாரோட என்னது?"

ஒருவழியாகக் கழுத்துத் துணியைக் காட்டி விளக்கினேன். திரும்பவும் ஸ்கேன் பண்ணிப் பார்த்து, எங்களையே திறக்கச் சொன்னார்கள். ரேடியோ மாம்பழங்களை ஒதுக்கி, மஞ்சள் துணியைப் பிரித்து, குங்குமப் பொட்டோடு அதிர்ந்துகொண்டிருந்த கருவியை எடுத்தார். தாடைக்குக் கீழே வைத்தார். ஒன்றரை மணி நேரம் அடக்கி வைத்தது வந்தது.

"இது கோவம்."

முதலில் எனக்குத் திட்டு, தமிழில். பிறகு மாம்பழத்துக்குத் தெலுங்கில். அதிகாரிகளுக்குக் கன்னடத்தில், கொஞ்சம் மரியாதையாக. அந்த அம்மாள் முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சார், லித்தியம் பேட்டரி கீழ போற பெட்டியில போகக் கூடாது. அங்க தீப்பிடிச்சா யாருக்கும் தெரியாது. மேல உங்ககூட இருந்தா உடனே அணைச்சிடலாம். குரல் உங்க கையிலதான் இருக்கணும்."

ரேடியோ என் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா நிபுணரே?"

செல்போன்களையும் பவர் பேங்கையும் கையில் கொடுத்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது பேட்டரிகள்தான். எத்தனை வாட்-ஹவர், அதாவது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்க வேண்டும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எழுத்து இருந்த இடத்தில் போன ஆயுத பூஜை இருந்தது. அந்த அம்மாளுக்கு மேலே இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் கிளம்ப நேரமாகிவிட்டது, இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளட்டும் என்றார்.

விமானத்தை விட்டாலும் மச்சான்தான் பேசுவார். குரலை விட்டாலும் மச்சான்தான் பேசுவார். ரேடியோ மேஜை முன்னால் போய் நின்றார். பஸ்ஸில் நின்ற அதே நிற்பு, கேட்டில் நின்ற அதே நிற்பு.

"இது முடிவு. என் குரல வுட்டுட்டு நான் போமாட்டேன். வேணும்னா என்னைய இங்க வெச்சிக்கிட்டு குரல மட்டும் அனுப்புங்க. நாளைக்கி அங்க வேல அதுக்குத்தான்."

அப்படியே சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். அந்த அம்மாள் வாசித்தார். பேட்டரி நம்பர், வோல்ட், வாட்-ஹவர். பொருளின் பெயர் வந்ததும் நிறுத்தினார். மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு பஞ்சில் சானிடைசரை நனைத்து, இரண்டு பேட்டரியிலிருந்தும் சந்தனத்தையும் குங்குமத்தையும் தானே துடைத்தார். மெல்ல மெல்ல எழுத்து தெரிந்தது. பாஸில் இருந்த நம்பரேதான்.

"நூறு வாட்-ஹவர் வரைக்கும் தாராளமா கொண்டு போகலாம் சார். இது பத்துகூட வராது" என்று மேலதிகாரியிடம் காட்டினார். அவர் தலையாட்டினார். பிறகு அந்த அம்மாள் மாற்று பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, தனி உறையில் போட்டு ரேடியோ கையில் கொடுத்தார். "எதோடயும் ஒரசாம பாக்கெட்ல வெச்சுக்குங்க. பொண்ணுக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்க."

ரேடியோ கருவியை வைத்தார். "இது மரியாத. நெஜ மரியாத."

பெட்டி மட்டும் மாம்பழத்தோடும் சார்ஜரோடும் அடுத்த நாள் விமானத்தில்தான் வரும் என்றார்கள். நாங்கள் ஓடிப் போய் ஏறினோம். கருவியில் இருந்த பேட்டரியைப் பெட்டியே பாதி பேசித் தீர்த்திருந்தது. மிச்சத்தையாவது சேர்த்து வைப்பாரா? "எல்லாரும் பெல்ட்ட போடுங்கப்பா" என்றார் பொதுவாக. முன் சீட்டுக்காரர் பைலட் பேசுகிறார் என்று நினைத்து அவசரமாக மாட்டிக்கொண்டார். அந்த சந்தோஷத்தில் இறங்கும் வரை பேசி அதைக் காலி செய்தார்.

மறுநாள் காலை மண்டபத்தில் மச்சான் பட்டுச் சட்டையில் தயாராக நின்றார். தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்த்துக்கொண்டார். ரேடியோ சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், மாற்று பேட்டரி இருக்கிறது என்று. நேரம் வந்தது. தட்டு தயார். ரேடியோ எழுந்து, பேட்டரியை மாட்டி, தாடைக்குக் கீழே வைத்துப் பட்டனை அமுக்கினார்.

சத்தமே இல்லை.

மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை. கருவியை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். மச்சான் மெதுவாக முன்னால் வந்தார். "சரி வுடுங்க மாப்ள, நான்..."

"மாமா, உக்காருங்க." சொன்னது மலர். மணப்பெண் கோலத்தில் இருந்தவள் நேராக எழுந்து வந்துவிட்டாள். "அப்பாதான் பேசுவாரு."

கருவியை வாங்கினாள். பேட்டரியைக் கழற்றினாள். அந்த அம்மாள் ஒட்டிய டேப் முனையிலேயே இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். மலர் நகத்தால் டேப்பை உரித்து, பேட்டரியைத் திரும்ப மாட்டி, அப்பாவின் தாடைக்குக் கீழே தன் கையாலேயே வைத்துப் பிடித்தாள்.

கிர்ர்ர்.

"இது சந்தோஷம்" என்றார் ரேடியோ. "எம்பொண்ண உங்க பையனுக்குக் குடுக்க எனக்குச் சம்மதம்."

மாப்பிள்ளையின் தாத்தாதான் முதலில் வாயைத் திறந்தார். "எனக்குக் காது மந்தம்ப்பா. இன்னிக்கிக் காலையிலேர்ந்து இவரு பேசினது ஒண்ணுதான் தெளிவா காதுல விழுந்துது." சபை சிரித்தது. மச்சான்கூடச் சிரித்துவிட்டார். தட்டு மாறியது.

எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தபோது ரேடியோ மறுபடி பட்டனை அமுக்கினார். வார்த்தை எதுவும் வரவில்லை. கருவி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது, கிர்ர்ர்ர் என்று, ரொம்ப நேரம். அது என்ன உணர்ச்சி என்று அவர் அறிவிக்கவில்லை. மலர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரேடியோ இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இந்தக் கதை பத்திரிகையில் வந்த அன்றைக்கே படித்துவிட்டு எனக்கு போன் போடுவார். டேப் விஷயத்தை எதுக்குடா எழுதின என்று மூன்று மொழியிலும் வைவார். நான் வைக்கிற வரைக்கும் வைக்க மாட்டார், நானும் வைக்க மாட்டேன். அதற்கு முன்னால் உங்கள் முறைப்படியே அறிவித்துவிடுகிறேன் அண்ணே. இவ்வளவு நேரம் எழுதியது கேலி இல்லை. இது பாசம்.